அந்தோனியாருக்கு நேர்ந்த கைப்பை

மொன்ட்ரியால்
15.02.2004

அன்பான அக்காவுக்கு,

ஆண்டவர் காவலில் நாங்கள் மூவரும் இருக்கிறோம். பூரண சுகம் என்று எழுத றெக்ஸின் மூக்கு விடவில்லை. கடைவாய்ப் பல் வரும்வரை ஒழுகுமாம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அத்தானுக்கு பிரஷர் இறங்கியதா?

இரவிச்சந்திரன் அண்ணை பாரிஸிலிருந்து வந்த கையோடு பார்சலைக் கொண்டுவந்து தந்தார். போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டில் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அத்தானின் தமையன் குடும்பமே சுற்றி இருந்து கேட்கும். எங்களுக்குக் கடிதம்தான் தோது.

பெட்டியைத் திறந்ததும் நிஷான், "உதென்ன, பிறந்தநாள் மகனுக்கு, பரிசு தாய்க்கோ?" என்றார். பால்நிறத் தோல் கைப்பை, அதில் நூலால் தைத்த நீலக் குருவிகள், உள்ளே பித்தளைத் தகட்டில் 212 என்ற இலக்கம். எல்லாக் குருவியும் வலப்பக்கம் பறக்க, ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பறக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

கோயிலில் என் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்று போன வருடம் எழுதியிருந்தேன் அல்லவா? ஞாயிறு பூசைக்கு இதைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு வருடமாக 'நிஷான்ர பெஞ்சாதி' என்று மட்டும் என்னை அறிந்தவர்கள் பெயர் கேட்டார்கள். எங்கள் மேல்மாடியில் இருக்கும் சிசிலி அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உது மொன்ரெவல் எல்லோ? மகள் கொம்பியூட்டரில காட்டினவள். உமக்கு எங்கால?" என்றார். அக்கா பாரிஸில் அந்தக் கொம்பனியில்தான் வேலை என்று சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். நீங்கள் 'தோல் பகுதி' என்று மட்டும்தான் எழுதியிருந்தீர்கள். நான் கணக்குப் பிரிவு என்று சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

வேலை செய்கிறவர்களுக்கு விலை குறைத்துத் தருவார்களா? எப்படி வாங்கினீர்கள்? எழுதுங்கள்.

றெக்ஸ் எழும்பிவிட்டான்.

உங்கள் முத்தங்களை அவனுக்குக் கொடுத்துவிட்ட,
ஜொய்சி


பாரிஸ்
09.03.2004

அன்பின் தங்கச்சிக்கு,

மாதா உங்களை மூடிக் காக்கட்டும். எனக்கு முழங்கால் ஏறும்போது நோகிறது, இறங்கும்போது இன்னும் நோகிறது. அத்தான் சுகம். இங்கே வசந்தம் என்கிறார்கள், எனக்குக் குளிர்தான்.

பை பிடித்தது என்று அறிந்து சந்தோசம். பை என்றால் பைதான் பிள்ளை. பால் போத்தலை வை, பம்பர்ஸை வை, மாக்கெற்றுக்குக் கொண்டு போ. மழையில் நனைந்தால் நனையட்டும். தையல் விட்டால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடு. கொம்பனிக் கடைப் பக்கம் கொண்டு போகாதே, அவர்கள் சும்மா தொட்டதற்கும் காசு பிடுங்குவார்கள். யாருக்கும் பெரிதாகக் காட்டிக்கொண்டும் திரியாதே.

றெக்ஸுக்குப் பல் வரும்போது கரட் துண்டைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடு. நிஷானுக்கு என் சுகம் சொல்லு.

எப்போதும் உன் நினைவோடு,
அக்கா அக்னெஸ்


மொன்ட்ரியால்
18.04.2004

அன்பான அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கு. பல் வந்துவிட்டது, இப்போது என் தோளைக் கடித்துப் பார்க்கிறான். பதில் எழுத இத்தனை நாள் பிந்தியது அவனால்தான். உங்கள் முழங்காலுக்கு டொக்டரிடம் போனீர்களா? நீங்கள் போகமாட்டீர்கள், தெரியும்.

எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன், நீங்கள் அதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

ஈஸ்டர் பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது சிசிலி அக்கா எல்லாருக்கும் கேட்க, "பிள்ளை ஜொய்சி, கோவிக்காதையும், நியூயோர்க்கில தெருவில விரிச்சு வச்சு உதே குருவியை விக்கிறாங்களாம். உம்மட அக்காவும் ஆரிட்டையோ ஏமாந்திட்டா போல" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட மனமில்லை.

அடுத்த நாள் றெக்ஸைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய் இணையத்தில் பார்த்தேன். உலகம் முழுவதற்கும் முந்நூறு பைதான் செய்தார்களாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார்களாம். விலையை இங்கே எழுதக் கை கூசுகிறது. கம்பஸில் பொருளியல் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது: கிடைக்காததால்தான் ஒரு பொருளுக்கு விலை. அன்றைக்குப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன், விளங்கியது இப்போதுதான். நிஷானிடம் சொன்னேன். "முந்நூறு பேருக்குத்தான் எண்டால் மிச்சச் சனம் சாமானைக் கையில பிடிச்சுக்கொண்டு போறதோ?" என்று கேட்கிறார். அவருக்கு எல்லாம் பகிடி.

எனக்கு இல்லை. நகரத்து நடுவில் மொன்ரெவல் கடை ஒன்று இருக்கிறது. இரண்டு கிழமையில் பையைக் கொண்டுபோய் அது அசல் என்று ஒரு எழுத்து வாங்கப் போகிறேன். அதைச் சிசிலி அக்காவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன்.

சிறுபிள்ளைத்தனம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும்.

உங்கள் பிடிவாதக்காரத் தங்கை,
ஜொய்சி


பாரிஸ்
27.04.2004

ஜொய்சி,

எக்ஸ்பிரஸில் போடுகிறேன். சுகம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே.

கடைக்குப் போகாதே. நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். ஏன் என்று கேட்காதே.

அக்கா


மொன்ட்ரியால்
01.06.2004

அன்பான அக்காவுக்கு,

தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று மனதாரச் சொல்லித் தொடங்குகிறேன், ஏன் என்று வாசிக்க விளங்கும். நீங்களும் அத்தானும் நலமாய் இருங்கள்.

நான் கடைக்குப் போகவில்லை. உங்கள் எழுத்தில் இருந்த அவசரம் எனக்குப் பயத்தைத் தந்தது, கொஞ்சம் கோபத்தையும் தந்தது. அதனால்தான் ஒரு மாதம் எழுதவில்லை.

போன திங்கள் றெக்ஸுக்குக் காய்ச்சல். பின்னேரம் மடியில் கிடந்தவன் திடீரென்று விறைத்தான். கண் மேலே செருகிவிட்டது, உதடு நீலம். நான் கத்திய சத்தத்தில் சிசிலி அக்கா படி இறங்கி ஓடிவந்தார். அம்புலன்ஸுக்குப் பிரெஞ்சில் விலாசம் சொன்னதும் அவர்தான். எனக்கு 'மோன் பெபே', என் பிள்ளை, என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நிஷான் தொழிற்சாலையில், வர ஒரு மணித்தியாலம். சிசிலி அக்கா என் கையைப் பிடித்து, "அந்தோனியாருக்கு நேந்து கொள்ளு பிள்ளை. உன்னட்ட இருக்கிறதில எது பெரிசோ அதைச் சொல்லு. சின்னனைச் சொல்லிப்போட்டு நிக்காதை" என்றார். என் காதில் கிடந்தது பவுண் அல்ல. தாலியை நேரக்கூடாது. மடியில் இருந்தது பை. அதற்குள்தான் அவனுடைய தடுப்பூசி அட்டையும் இருந்தது.

"அந்தோனியாரே, இந்தப் பையை உமக்குத் தாறன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சிசிலி அக்கா, "நான் சாட்சி" என்றார். அவர் வாயால் பையைப் பற்றி வேறு ஒரு சொல்லும் வரவில்லை.

அரை மணியில் கதவு திறந்தது. காய்ச்சல் வலிப்பாம். குழந்தைகளுக்கு வருவதுதானாம், பின்விளைவு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதாம். ஒரு தாதி அவனுக்கு அப்பிள் சாறு கொடுக்க, அவன் குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தோனியார் திருநாள் இம்முறை ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது, 13ஆம் திகதி. ஊர்க் கோயில்களில் போல இங்கும் நேர்ந்த பொருளை எல்லாம் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் ஏலம் விடுவார்கள். பையைக் கொண்டுபோய் எமிலியானுஸ் சுவாமியிடம் ஒப்படைத்துவிட்டேன். நீங்கள் ஆசையாய் அனுப்பியது. மன்னிப்பீர்கள்தானே? பிள்ளைக்கு முன் அது என்ன?

உண்மையையும் எழுதிவிடுகிறேன். ஒப்படைக்கும்போது மனம் நிறைந்திருந்தது, ஆனால் அதில் ஒரு பங்கு, இனி இதைப் போலி என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பதற்காக. எனக்கே வெட்கம்.

றெக்ஸ் தன் பெரியம்மாவுக்கு அனுப்பும் எச்சில் முத்தத்துடன்,
ஜொய்சி


பாரிஸ்
08.06.2004

என் தங்கச்சிக்கு,

பிள்ளை பிழைத்தான் என்று வாசித்து முழங்காலில் நின்றேன், நோவைப் பார்க்கவில்லை. அடுத்த பந்தியை வாசித்த பிறகு எழும்ப முடியவில்லை.

வெளியே போய் உனக்குப் போன் எடுத்தேன். நிஷான்தான் பேசினார், நீ பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போனதாகச் சொன்னார். காய்ச்சலை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை. எக்ஸ்பிரஸ் சனிக்கிழமைக்குள் வரும் என்கிறார்கள். வரவேண்டும்.

நான் கணக்குப் பிரிவில் இல்லை. கடையிலும் இல்லை. பாரிஸுக்கு வெளியே மொன்ரெவலின் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பிழையாய் வந்த பைகளை அங்கேதான் அழிப்பார்கள். ஒரு தையல் கோணினால் போதும். மலிவாக விற்கமாட்டார்கள், எங்களுக்கும் தரமாட்டார்கள். முந்நூறு என்று சொன்னால் உலகத்தில் முந்நூறுதான் இருக்க வேண்டுமாம். என்னோடு வேலை செய்யும் ஜுபைதா இலக்கத்தை வாசிப்பாள், நான் மின்கத்தியில் நான்காக வெட்டுவேன், அவள் பட்டியலில் கையெழுத்து வைப்பாள். நாள் முழுக்க இதுதான். என் கையால் வெட்டிய பைகளின் விலையில் எங்கள் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டலாம்.

212இல் ஒரு குருவி எதிர்ப்பக்கம் தைத்துவிட்டார்களாம். அவ்வளவுதான் பிழை. அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்திருந்தது, கோயிலில் உன் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்று. சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஜுபைதா பார்த்தும் பார்க்காதது மாதிரிக் கையெழுத்து வைத்தாள்.

அதே இலக்கத்தில் வேறொன்று செய்து விற்றும்விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் பையைக் கடைக்குக் கொண்டு போனால், இரண்டாவது 212 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அழித்த பட்டியலில் என் பெயர். என்னுடைய வதிவிடக் கார்ட் புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடக்கிறது, அதற்கு வேலைக் கடிதம் வேண்டும்.

எப்படியாவது அதைத் திருப்பி எடு. எடுத்து வெட்டி எறி. நான் செய்யாமல் விட்ட வேலையை நீ செய்.

களவெடுத்ததை அந்தோனியாருக்குக் கொடுக்க வைத்துவிட்டேன். அவரிடம் நான் கதைத்துக்கொள்கிறேன்.

அக்னெஸ்


மொன்ட்ரியால்
15.06.2004

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. றெக்ஸ் சுகம்.

பை ஏலத்தில் போகவில்லை. என்னிடம் திரும்பி வந்துவிட்டது. பயப்படாமல் வேலைக்குப் போங்கள். எப்படி என்று இப்போது கேட்க வேண்டாம்.

ஜொய்சி


பாரிஸ்
30.06.2004

அன்பின் ஜொய்சிக்கு,

உன் நாலு வரியை நாற்பது தரம் வாசித்தேன். கர்த்தர் உன் வீட்டை நிறைக்கட்டும். மூன்று கிழமைக்குப் பிறகு நேற்றுத்தான் சோறு ருசித்தது.

பயத்தில் ஜுபைதாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், கோயில், ஏலம், எல்லாம். அவள் காரைக்கால் பிள்ளை, பேச்சு இந்தியப் பேச்சு. "உங்க தங்கச்சி நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்லி இரண்டு நாள் நோன்பு பிடித்தாள். உன்னை முன்பின் பார்க்காதவள். என்னால் அவளுக்கும் வேலை போயிருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்படி எடுத்தாய்? எனக்காக யார் காலிலும் விழுந்தாயா? அந்தோனியாருக்குப் பதிலாக என்ன கொடுத்தாய்? பையை வெட்டிவிட்டாய்தானே? அதை மட்டும் உடனே எழுது.

மனப்பாரம் குறைந்த,
அக்கா


மொன்ட்ரியால்
22.08.2004

அன்பான அக்காவுக்கு,

ஆரோக்கியம் உங்களோடு இருக்கட்டும். இங்கே வெயில். றெக்ஸ் நடக்கிறான், விழுகிறான், தரையைத் திட்டுகிறான். எழுத வேண்டும் என்று பலமுறை கடதாசியை எடுத்தேன். உங்கள் நாலு கேள்வியையும் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

அன்று பூசை தொடங்குமுன் சுவாமியைத் தேடிப் போனேன், சனத்தின் பாவங்களைக் கேட்டபடி பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்தார். முன்னால் நீள வரிசை. பிறகு ஏலம் கூறும் மரியதாசன் அண்ணையிடம், அந்தப் பையை மட்டும் விடுங்கோ, வேறை ஒண்டு தாறன் என்றேன். "நேந்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? பிள்ளைக்குக் கூடாது, போம்" என்று துரத்திவிட்டார்.

மண்டபத்து மேசையில் எல்லாம் பரப்பியிருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த பலாப்பழம், மெழுகுதிரிக் கட்டு, உயிர் ஆடு கொண்டுவர முடியாதென்று ஐஸ் பெட்டியில் ஒரு ஆட்டுத் தொடை. நடுவில் சிவப்புத் துணி விரித்து எங்கள் பை. ஆட்டுத் தொடை நல்ல விலைக்குப் போனது. பிறகு அண்ணை பையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஆஸ்பத்திரி வாசலில நேந்தது, பிள்ளை எழும்பி நடக்குது! பாரிஸ் சாமான்! உலகத்தில முந்நூறு!" என்றார்.

கேட்டவர்கள் மூன்று பேர், கடைசியில் ஒருவர்தான் நின்றார். கர்க்லாண்டில் பெரிய வீட்டில் இருக்கும் பாலாம்பிகை அன்ரி. சைவக்காரர், ஆனாலும் அந்தோனியாருக்கு வருடம் தவறாமல் வருவார். "ஒருதரம்... ரெண்டுதரம்..." அன்ரி பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது எனக்குக் கேட்டது: "நாளைக்கே கடையில குடுத்து துப்பரவாக்கி, ஒரு எழுத்தும் வாங்கி வச்சிடுவன்."

நான் எழும்பினேன். "அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"என்ன, நீரும் கேக்கப் போறீரோ?" சிரிப்பு.

"அது ஒரிஜினல் இல்லை. போலி. தெருவில வாங்கினது. எனக்குத் தெரியும்."

அண்ணை பையை மெல்லக் கீழே வைத்தார், செத்த கோழியை வைப்பது போல. பிறகு பின்னாலிருந்து யாரோ, "அந்தோனியாருக்கே டூப்ளிகேற்றோ!" என்றதும்தான் சிரிப்பில் மண்டபம் இடிந்தது. "உம்மட கம்பஸ் சேட்டிபிக்கற்றையும் ஒருக்காக் கொண்டு வாரும், பாப்பம்" என்றார் இன்னொருவர். நிஷான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பதிலுக்கு ஒரு வருடம் சனிக்கிழமைகளில் மண்டபம் கூட்டிக் கழுவுவதாகச் சுவாமியிடம் சொன்னேன். "அந்தோனியாருக்குப் பையின்ர விலை தெரியாது பிள்ளை" என்று பையைத் திருப்பித் தந்து என் தலையில் கை வைத்தார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியுமே என்று நினைத்தேன்.

இப்படித்தான் எடுத்தேன். யார் காலிலும் விழவில்லை.

சிசிலி அக்கா போன ஞாயிறு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். இப்போது முன்னைப் போலக் கதைக்கிறார். பையை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நாளைக்கு றெக்ஸுக்குப் பிள்ளை பராமரிக்கும் கார்டெரியில் இடம் கேட்கப் போகிறேன். செபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஜொய்சி


பாரிஸ்
17.10.2004

அன்பின் தங்கச்சிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை வாசித்து அழுதேன். உண்மையான பையைப் பொய் என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். பதில் எழுதப் பேனையை எடுத்த கிழமைதான் இங்கே எல்லாம் நடந்தது.

எனக்கு வேலை போய்விட்டது. கொம்பனிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. 212 வெட்டப்படவில்லை, மொன்ட்ரியாலில் தமிழ்க் கோயில் ஏலத்தில் இருந்தது, எடுத்தவள் அக்னெஸ் என்று. பொலிசுக்குப் போனால் தங்கள் பெயர் பேப்பரில் வரும் என்று போகவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கார்ட்டுக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தான் கதைப்பதில்லை.

யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். கடிதம் நல்ல பிரெஞ்சில் இருந்தது. எங்கள் சனத்தில் யாருக்கு அப்படிப் பிரெஞ்சு? காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஜுபைதா. கோயில் ஏலத்தை நான் சொன்னதும் அவளுக்கு மட்டும்தான். நோன்பு பிடித்தாளாம், நோன்பு!

மேலாளர் கேட்டபோது நானும் விடவில்லை. அவள் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தாள் என்று சொன்னேன். அவளையும் அன்றைக்கே நிற்பாட்டினார்கள். வெளியே மெத்ரோப் படியில் வந்து என் கையைப் பிடித்தாள். "நான் இல்லக்கா, என் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல" என்று அழுதாள். கையை உதறிவிட்டு, சனத்துக்கு முன்னால் ஒரு சொல் சொன்னேன். உனக்கு எழுதமாட்டேன். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் மூன்று. ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை, ஜொய்சி. காட்டிக்கொடுத்தவளுக்கு எப்படி இரக்கம் வரும்?

எனக்கென்று இருக்கிறவள் நீ ஒருத்திதான்.

அக்கா


மொன்ட்ரியால்
21.11.2004

அன்பான அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. விசாரிக்கிறேன். எங்கள் சுகத்தை எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. றெக்ஸுக்கு இருமல் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். இருமல் நாலு நாளில் மாறிவிட்டது.

ஜுபைதா அக்கா சொன்னது உண்மை. அவர் இல்லை. என்னால் வந்தது.

ஓகஸ்ட்டில் சிசிலி அக்கா புட்டுக் கொண்டுவந்தார் என்று எழுதினேன். மிச்சத்தை எழுதவில்லை. ஜூனிலிருந்து அன்றுவரை கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் பகிடி. றெக்ஸின் தள்ளுவண்டியைக் காட்டி "உதாவது ஒரிஜினலோ?" என்பார்கள். மண்டபம் கழுவும்போது வாளியைக் காட்டிக் கேட்பார்கள். அதைப் பொறுத்தேன். உங்களுக்காகத்தான் என்று பல்லைக் கடித்தேன், அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

சிசிலி அக்கா அன்றைக்குப் பகிடி பண்ணவில்லை. புட்டுக் கோப்பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தார். "பிள்ளை, இல்லாத வீட்டில ஆசைக்கு ஒரு போலியை வாங்கிறது பெரிய பாவமில்லை. எனக்கும் வந்த புதுசில ஆசை இருந்தது. என்ர பழைய பை ஒண்டு கிடக்கு, நல்ல பை, எடுத்துக்கொண்டு வாறன், அதைக் கொண்டு திரியும்" என்றார். நல்ல மனத்தோடு சொன்னார். என் பிள்ளையின் உயிருக்கு ஓடிவந்த மனிசி.

அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். "தொட்டுப் பாருங்கோ. தகட்டைப் பாருங்கோ. இது அசல். அக்கா களஞ்சியத்தில வெட்டாமல் எடுத்தவ. அவவுக்காகத்தான் நான் பொய் சொன்னனான்." எல்லாம் சொன்னேன், உங்கள் பெயர், இலக்கம், எல்லாம். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அந்த இனிப்பை நான் ஒருநாளும் மறைக்கக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றார். அவருடைய தம்பி கிறகரி பாரிஸில் இருக்கிறார். உங்கள் கடிதத்தைக் கண்டபின் மேலே போய்க் கேட்டேன். "தம்பிக்கு மட்டும்தான் சொன்னனான், உம்மில பிழை இல்லை எண்டு காட்டத்தான்" என்று அழுதார். கிறகரி யாருக்குச் சொன்னாரோ. பாரிஸில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், நல்ல பிரெஞ்சில் எழுத. எழுதியது யார் என்று தெரியாது. வாய் திறந்தது நான்.

பையை வெட்டிவிட்டாய்தானே என்று நீங்கள் கேட்டபோது, கவலைப்பட வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். வெட்டவில்லை. நீங்கள் சொன்ன அன்றே வெட்டியிருந்தால் சிசிலி அக்காவுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. உங்களுக்கு வேலை போனதென்று வாசித்த அன்றும் அதை எடுத்துத் துடைத்துத் திருப்பி வைத்தேன். நேற்று நிஷானுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பகிடி சொல்லவில்லை. தொழிற்சாலையிலிருந்து பெரிய கத்தரி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு வெளியே போனார். தோல் அவ்வளவு தடிப்பென்று எனக்குத் தெரியாது. ஒரு வெட்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நீங்கள் இதை நாள் முழுக்கச் செய்தீர்கள்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். ஜுபைதா அக்காவின் வீட்டுக்குப் போங்கள். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள், புட்டு, இனிப்பு, அலுமாரி, ஒன்றும் விடாமல். அவர் பெயருக்கு வேறு ஒரு தாளும் வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தில். கதவைத் திறக்காவிட்டால் கதவுக்குக் கீழால் தள்ளிவிடுங்கள். அடுத்த நாளும் போங்கள். உங்கள் மேலாளருக்கும் ஒன்று எழுதியிருக்கிறேன், பிரெஞ்சில், சிசிலி அக்காவின் மகள் திருத்தித் தந்தாள். மொட்டைக் கடிதத்துக்கும் ஜுபைதா அக்காவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று என் பெயரும் விலாசமும் போட்டிருக்கிறேன். அதனால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

யார் காட்டிக்கொடுத்தது என்று ஜுபைதா அக்கா கேட்பார். என் தங்கச்சி என்று சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால் சொல்ல வேண்டாம். என் பெயரைச் சொல்லுங்கள்.

ஜொய்சி